ஜாம் பாட்டில்களுக்குப் போன போணி

ரங்கூன், லான்மடாவ்

அன்புள்ள சித்ராதேவிக்கு,

உன் கடைக் கூட்டாளி நீலாம்பாள் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நான் மட்டும் நலமில்லை என்று எழுதினால் மருந்து அனுப்பிவிடுவாய். என் வியாதிக்குப் பெயர் பொறாமை. அதற்கு இங்கிலாந்திலும் மாத்திரை கிடையாது. போனில் பேசினால் சிரித்தே என் வாயை அடைத்துவிடுவாய் என்பதால் எழுதி, அங்கே படிக்க வரும் முரளிதரனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பேரனைப் பார்க்கப் போன இடத்தில், மகன் உன்னைப் பழைய சந்தை ஊருக்குக் கூட்டிப்போன படங்கள் வந்தன. கல் தூண்களின் மேல் கூரை போட்ட அந்தச் சந்தை மண்டபத்தின் முன்னால், கன்னத்தில் நம் ஊர் தனாக்கா மரப்பட்டைப் பூச்சுகூட இல்லாமல், மழைக்கோட்டுக்குள் சீமாட்டி மாதிரி நிற்கிறாய். மரச்சட்டமும் சுண்ணாம்புமாகச் சாய்ந்து நிற்கும் வீடுகளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்களாமே. நான் குடியிருக்கும் கட்டிடமும் பல வருடமாகச் சாய்ந்துதான் நிற்கிறது, வாடகை வாங்குகிறவரைத் தவிர யாரும் வருவதில்லை. யாரோ ஒரு ராஜா வியாழக்கிழமைதோறும் சந்தை கூட்டலாம் என்று எழுதிக் கொடுத்து, எண்ணூறு வருடமாக அது நடக்கிறது என்கிறாய். நமக்கு அப்படி ஒரு ராஜா வாய்க்கவில்லை. நகராட்சி வண்டி வந்தால், நடைபாதையில் நீட்டிய பலகையை உள்ளே இழுத்துக்கொண்டு சாதுக்கள்போல உட்கார்வதுதான் நம் சரித்திரம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அந்த வீடியோவைத்தான் பொறுக்க முடியவில்லை. காலையில் ஜாம் விற்கும் வெள்ளைக்காரம்மாளிடம் முதல் ஆளாக ஒரு பாட்டில் வாங்குகிறாய். சரி. ஆனால் கொடுத்த நோட்டைத் திரும்ப வாங்கி, நம் கடையில் போணி ஆனதும் அந்த முதல் நோட்டால் சரக்கையெல்லாம் ராசிக்குத் தட்டுவாயே, அதேபோல அவள் பாட்டில்கள் ஒவ்வொன்றின் தலையிலும் தட்டுகிறாயே, அது என்ன? மத்தியானத்துக்குள் அவள் மேசை காலியாகிவிட்டதாம். இப்போது வியாழக்கிழமைதோறும் அவளுக்குத் தட்டிக் கொடுக்கப் போகிறாயாம், ஊர் திரும்புவதைப் பற்றிக் கேட்டால் 'அப்புறம் பார்க்கலாம்' என்கிறாயாம். உன் மருமகள் சொன்னாள்.

நம் போணி எப்போதும் உன் கையில்தான். நீ போன பிறகு நானே தட்டிப் பார்க்கிறேன். முதல் நாள் தட்டிய தட்டில் மாங்காய் ஊறுகாய் பாட்டில் உருண்டு சாக்கடைக்குள் போனது. பக்கத்துக் கடை நூர் பீவி, "அக்கா, நீங்க தட்டுறதப் பாத்தா போணி மாதிரி இல்ல, கொசு அடிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். வீடியோவைக் காட்டியதும், "அவங்க அங்கயே கடை போட்டுட்டாங்க. நீங்கதான் இன்னும் அவங்க முக்காலியத் தொடச்சு வைக்கிறீங்க" என்றாள். அவளுக்கு வாய் நீளம். தூசி விழுகிறது, துடைக்கிறேன், அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். இடத்துக்காரர் ஊ மியா தின், கடையில் உன் பாதியை வேறு ஆளுக்கு விடலாமா என்று கேட்கிறார். கருவாடு போட ராணி கேட்டிருக்கிறாள். கருவாட்டுக்குப் பக்கத்தில் என் அப்பளத்தை யார் வாங்குவார்கள் என்று அவளிடம் சண்டை போட்டேன். அவள் மல்லிகைப்பூ விற்க வந்திருந்தாலும் சண்டை போட்டிருப்பேன். ஊ மியா தினிடம், அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது, தீபாவளிக்கு முன்பே வந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னது பொய்யா என்று நீதான் எழுத வேண்டும். பொய்யானாலும் உன் கையால் எழுது. உன் மருமகள் சொல்லி நான் கேட்க வேண்டாம்.

பேரனைக் குளிர் படாமல் பார்த்துக்கொள். உன் முட்டிக்கும் கம்பளி சுற்று. அந்த வெள்ளைக்காரம்மாளின் வியாபாரமும் அமோகமாக நடக்கட்டும், ஆண்டவன் துணையிருப்பான். அதற்கு உன் கை வேண்டாம்.

இப்படிக்கு,
இன்னமும் உன் கூட்டாளி,
நீலாம்பாள்