பூட்டினால் நின்றுவிடும் படம்

20 ஜனவரி 2025, திங்கள்
மாதா கோயில் மாலை வகுப்பில் எழுதப் பழகி ஐந்து மாதம் ஆகிறது. இன்று ‘சர்வர்’ என்று யாரையும் கேட்காமல் எழுதிவிட்டேன்! நான் காவல் இருக்கும் ஆல்பம் அச்சகத்தில் கல்யாணப் படமெல்லாம் அந்த சர்வர் பெட்டிக்குள்தான் இருக்கிறது. பெட்டி கீழே இரும்பு அலமாரியில். மாடிக் கம்ப்யூட்டர்கள் ஒயர் வழியாகப் படத்தை எடுத்துக்கொள்ளும். எல்லாம் என் மருமகள் டெய்சி பொறுப்பு.

யாரோ சுவிட்சை அணைத்துவிட்டார்கள் என்று முதலாளி அப்பாஸ் பாய் அலமாரிக்கு மாங்காய்ப் பூட்டு போட்டிருக்கிறார். சாவி என்னிடம்.

21, செவ்வாய்
மாடியில் ஒரு படம் திறப்பதற்குள் டீ ஆறிவிடுகிறதாம். டெய்சி அலமாரியைத் திறந்து, பெட்டியை அணைத்து மறுபடி போட்டாள். படம் பறந்தது. நான் பூட்டி, நன்றாக இழுத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே கதை.

22, புதன்
பெட்டி முன்னால் உட்கார்ந்தால் படம் உடனே வருகிறது. மாடியில்தான் நகரவில்லை. மாடிக் கம்ப்யூட்டரை மாற்றிப் பார்த்தாள். பலன் இல்லை.

பாய் சத்தம் போட்டார். “ஏம்மா, நீ பக்கத்துல நின்னா ஓடுது, மேல வந்தா படுத்துக்குது. உன்னப் பாத்து பயப்படுதா?” அச்சு ஓட்டும் ஈஸ்வரன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அவள் வேலைக்கு மதுரை ஆள் வருவானாம். பூட்டின் மாற்றுச் சாவியை ஆட்டிக் காட்டி, “இது அவனுக்குத்தான்” என்றார்.

23, வியாழன்
டெய்சி சாப்பிடல. எனக்கும் இறங்கல. வேலை போனா என்ன செய்வா? அந்தோணியாரே, பிள்ளையைப் பாத்துக்கங்க.

24, வெள்ளி
டெய்சி அலமாரியைத் திறந்தாள். பெட்டியை அணைப்பதற்குள் மாடியிலிருந்து ஈஸ்வரன் கத்தினான். “அக்கா, சரியாப் போச்சு!”

அவள் அப்படியே நின்றாள். இன்னும் ஒன்றுமே செய்யவில்லையே?

“மாமா, செத்த நேரம் இங்கயே நில்லுங்க. நான் சொல்றப்ப பூட்டுங்க, சொல்றப்ப தொறங்க” என்று மாடிக்கு ஓடினாள். பூட்டினேன். “நின்னுருச்சு!” திறந்தேன். “ஓடுது!” மறுபடி பூட்டினேன். மறுபடியும் “நின்னுருச்சு!”

மாடிக்குப் போகும் ஒயர் கதவு இடுக்கில் நசுங்கிக் கிடந்தது. சும்மா சாத்தினால் கதவு தளர்ந்து நிற்கும். பூட்டினால் இறுகும். நான் வேறு இழுத்து இழுத்துப் பார்த்தேனே!

“படம் போற வழியிலேயே பாதி தொலைஞ்சு போகுது மாமா. தொலைஞ்சத மறுபடி மறுபடி அனுப்பி அனுப்பித்தான் இம்புட்டு நேரமாகுது.”

“அப்ப நான்தானா?”

“உங்க கை பலம் மாமா” என்றாள். மூன்று நாளில் இன்றுதான் சிரித்தாள்.

25, சனி
அலமாரி முதுகில் ஈஸ்வரன் துளை போட்டான். அதன் வழியே புது ஒயர். பாய் மாற்றுச் சாவியை டெய்சி மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் பூட்டினேன். ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

மாடியில் யாரும் கத்தவில்லை.