நேசையனின் பாதி

1953 மார்ச், செவ்வாய்.

மாலையில் பாறசாலைச் சந்திப்பில் தமிழ்நாட்டோடு இணைக்கக் கோரிய ஊர்வலத்தைப் பத்திரிகைக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். தோட்டத் துரையிடம் பழையதாக வாங்கிய என் ஸ்போர்ட்ஸ் காரை யாரோ அதிகாரியின் வண்டி என்று நினைத்து, நாலைந்து பேர் தீப்பந்தத்தோடு சூழ்ந்துவிட்டார்கள். நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. மெக்கானிக் நேசையன் பட்டறையிலிருந்து ஓடிவந்து பானட்டின்மேல் ஏறி உட்கார்ந்தார்.

“எலே, இது பத்திரிகைக்காரருக்க வண்டியாக்கும். இதில பாதி எனக்க கைவேலை. கொளுத்தணும்னா அவருக்க பாதிய மட்டும் கொளுத்துங்க மக்கா.”

சிரித்துவிட்டார்கள். வண்டி வழக்கம்போல் கிளம்ப மறுத்தது. பந்தத்தைக் கீழே வைத்துவிட்டு அவர்களே தள்ளிவிட்டார்கள்.

வாகனச் சேதம் இல்லை என்று செய்தி அனுப்பினேன். நேசையனின் பாதி எது என்று வழியெல்லாம் எண்ணிப் பார்த்தேன். கார்புரேட்டர், பிரேக், ரேடியேட்டர், இன்று அவர் காப்பாற்றிய வண்டியே. என் பாதியில் ஹாரன்தான் மிஞ்சியது. வீட்டு வாசலில் அதை ஒருமுறை அடித்தேன்.