பின்கதவு மட்டும் பாக்கி

என்னங்க,

கார் வாங்குறவர் நாலு மணிக்கு வர்றார். சாவி ஃபிரிட்ஜ் மேல இருக்கு. சாப்பாடு மூடி வச்சிருக்கேன்.

முதல் தடவையா நானே காருக்கு வாக்ஸ் போட்டேன். வெயில்ல நிறுத்திப் போட்டது தப்பு. வெள்ளையா காஞ்சு ஒட்டிக்கிச்சு. துடைச்சுத் துடைச்சுக் கை மரத்துப் போச்சு.

பின்கதவை மட்டும் துடைக்கலை. நீங்க ரெண்டு வருஷமா பேசாத நம்ம பையன், அஞ்சு வயசுல ஆணியால கிறுக்கிட்டான்னு அடிச்சீங்களே, பெயின்ட் தடவி மறைச்சீங்களே, அந்தக் கீறல்ல வாக்ஸ் இறங்கி இப்ப பளிச்சுன்னு தெரியுது. அது கிறுக்கல் இல்லைங்க. உங்க மீசை, கையில ஸ்டியரிங். அன்னைக்கு என்ன படம்னு நாம பாக்கவே இல்லை.

எனக்கு அழுகைகூட வரலை. துடைக்கணும்னா நீங்களே துடைச்சுக்கோங்க. துணி வாளி மேல கிடக்கு.

இடம் இல்லாம ஓரத்துல எழுதறேன்: அவன் நம்பர் மாறலை.