பிடுங்க வராத செடி

ஏங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். பின்கதவுச் சாவி ஆணியில் தொங்குகிறது.

நேற்றுக் காலை வீட்டுத் தரகர் போன் செய்தார். இன்று மத்தியானம் வீடு பார்க்க ஆள் வருகிறார்களாம். நாம் வீட்டை விற்கிறோம் என்று எனக்கே அப்போதுதான் தெரியும்! ராத்திரி நீங்களாகச் சொல்வீர்கள் என்று பார்த்தேன்.

"கொல்லையில இருக்கிற அந்தப் புதரை மட்டும் வெட்டிடுங்கம்மா, பாம்பு இருக்கும்னு பயப்படுவாங்க" என்றார் தரகர்.

புதராம்! இந்த மண்ணிலேயே விதை பொறுக்கி நான் வளர்த்த செடிகள். எல்லாவற்றையும் தொட்டிக்கு மாற்றிவிட்டேன். வசந்தகாலச் செடிச் சந்தைக்குக் கொண்டுபோகிறேன். யார் வீட்டிலாவது பிழைக்கட்டும்.

பி.கு: நீங்கள் முதன்முதலில் நட்ட செடி மட்டும் வரவில்லை. ஆணிவேர் ஆழமாகப் போய்விட்டது, பிடுங்கினால் செத்துவிடும். வருகிறவர்களிடமாவது இதைச் சொல்லிவிடுங்கள். என்னிடம்தான் எதையும் சொல்வதில்லை.