நீங்கள் சோடி சேர்த்த செரி மரங்கள்

இஞ்சாருங்கோ,

ஒரு தரம் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத என் அன்பு மனிதரே, இனி எத்தனை தரம் கூப்பிட்டாலும் நீங்கள் திரும்பப் போவதில்லை. ஆனாலும் இந்தக் கோபத்தை நான் வேறு யாரிடம் போய்க் காட்டுவது? உங்கள் செரி மரங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பார்க்டேல் அப்பாட்மென்றை விட்டு ஸ்காபரோவில் வீடு வாங்கிய கையோடு, பின்வளவில் ஓர் இனிப்புச் செரி நிற்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். ஒரு கோடை முழுக்கக் கடைகடையாகப் பழம் வாங்கித் தின்று பார்த்தீர்கள். கறுத்த சிவப்பாக இருக்கிற பிங் வகைதான் பழம், மற்றதெல்லாம் பழமே இல்லை என்று தீர்ப்பும் சொன்னீர்கள்.

மரம் விற்ற பெண் ஆறுதலாகத்தான் விளங்கப்படுத்தினாள். ஸ்டெல்லா என்றால் தனியே நின்றாலும் காய்க்கும், பிங் என்றால் பக்கத்தில் வேறு வகைச் செரி ஒன்றும் வேண்டும் என்றாள். நீங்கள் "ஓகே, ஓகே" என்று தலையாட்டினீர்கள். ஆட்டிவிட்டு இரண்டு பிங் மரங்களைத் தூக்கி வான் வண்டியில் ஏற்றினீர்கள்.

"அவள் வேற வகை எண்டெல்லோ சொன்னவள்?" என்று கேட்டேன்.

"உனக்கு உது விளங்காது. சோடி எண்டால் ஒரே மாதிரி இருக்கவேணும். அவள் யாவாரத்துக்குக் கதைக்கிறாள்."

பஞ்சாங்கம் பார்த்து, நல்ல நேரத்தில், குளிரில் நடுங்கிக்கொண்டு நட்டீர்கள். மரங்கள் வளர்ந்தன. பூத்தன. பூத்ததை வீடியோ கசற்றில் பிடித்து லண்டனிலிருக்கும் உங்கள் தம்பிக்கு அனுப்பினீர்கள். ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. அடுத்த வசந்தமும் அதே கதை. "ஆற்றையோ கண்பட்டுப் போச்சு" என்று உங்கள் பழைய செருப்பில் ஒன்றை மரத்தில் கட்டினீர்கள். பக்கத்து வீட்டு இத்தாலிக்காரி மரியா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, மரத்தில் ஏன் செருப்பு என்று கேட்டாள். குருவி வராமலிருக்க என்றேன். காயே இல்லாத மரத்துக்குக் குருவிக் காவல்!

பிறகு ஆனிக் கடைசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். இதையும் சொல்லாமல்தான் செய்தீர்கள்.

போன மாரிக் குளிரில் நம் மகள் சுதா நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தாள். "அம்மா, பிங் மரம் எல்லாமே ஒரே தாய் மரத்தின்ர கிளையை ஒட்டி வளர்த்ததாம். ஒண்டின்ர மகரந்தம் மற்றதுக்குச் சேராது. சிஸ்டர்ஸ் மாதிரி" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பற்றிக்கொண்டு வந்தது. அஜக்ஸ் ஊரில் யாரோ பேசி முடித்த சம்பந்தத்தை, உவள் அவனுக்குத் தங்கச்சி முறையெல்லே என்று கண்டுபிடித்து நிறுத்திய மனிதர் நீங்கள்! ஊர் உலகத்துக்கெல்லாம் முறை பார்த்துவிட்டு, சொந்த வளவில் கூடப் பிறந்ததுகளைச் சோடி சேர்த்து வைத்திருக்கிறீர்களே, இந்த அநியாயத்தை நான் எங்கே போய்ச் சொல்ல?

"இஞ்ச மூண்டாவதுக்கு இடமில்லை. ஒண்டைத் தறிச்சுப்போட்டு வேற வகை வைப்பம்" என்றாள் சுதா. நியாயம்தான். ஆனால் எதைத் தறிப்பது? மரம் நட்ட இரண்டு கிடங்கும் நீங்கள் கிண்டியவை. இது, அது என்று விரல் நீட்ட என்னால் முடியவில்லை. "அம்மா, நீங்களும் அப்பா மாதிரியே" என்று அவள் கத்திவிட்டுப் போனாள். உங்கள் பிடிவாதத்துக்கு நான் ஏச்சு வாங்குகிறேன்.

கடைசியில் மரியாவிடம்தான் சொல்லி அழுதேன். மரங்கள் பூத்த காலை, தன் தம்பி வீட்டில் நிற்கும் வேறு வகைச் செரியிலிருந்து பூத்த கிளைகளை வெட்டி, வாளித் தண்ணீரில் வைத்துக் கொண்டுவந்தாள். மரங்களுக்கு நடுவில் வைத்துவிட்டு, மிச்சத்தைத் தேனீ பார்த்துக்கொள்ளும் என்றாள். மாப்பிள்ளை வீட்டார் வாளியில் வந்து இறங்கியிருக்கிறார்கள். தாலி இழந்தவள் நல்ல காரியத்துக்கு முன்னுக்கு நிற்கக்கூடாது என்பார்கள் நம் சனம். நான்தான் நின்றேன். வேறு யார் இருக்கிறார்கள்?

காய் பிடித்தது. முக்கால்வாசியைக் குருவி தின்றது, உங்கள் செருப்பை அது சட்டை செய்யவில்லை. மிஞ்சிய ஒரு பிடியை, நீங்கள் போய் ஒரு வருசம் முடிந்து நேற்று வந்த ஆட்டைத்திவசப் படையலில் வைத்தேன். எல்லாரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு, அதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன்.

நீங்கள் சொன்னது சரிதான். பிங்தான் பழம். வாழ்நாளில் ஒரு தரமாவது உங்களிடம் "சரி" என்று சொல்லலாம் என்றால், அதைக் கேட்க நீங்கள் இல்லை. இதைவிட எரிச்சல் வேறென்ன இருக்கிறது?

இரண்டு மரங்களில் ஒன்றையும் தறிக்க விடமாட்டேன். வருகிற வசந்தத்தில் மரியாவின் தம்பியைக் கூப்பிட்டு, அவருடைய மரத்துக் கிளை ஒன்றை உங்கள் மரத்திலேயே ஒட்டுவிக்கிறேன். முறை பார்த்துத்தான். அந்தச் செருப்பைக் கழற்றி எறியச் சொல்லிச் சுதா நிற்கிறாள். அது அங்கேயே தொங்கட்டும். மற்றச் செருப்பு, சப்பாத்தெல்லாம் பிறருக்குக் கொடுத்தாயிற்று; உங்களுடையது என்று இந்த வளவில் வேறு யாரும் காலில் போடாமல் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

இன்னும் கோபம் ஆறாத,
உங்கள் மனுசி