எல்லைக்கல் மேல் வைத்த கத்தி

ஆடி 14, செவ்வாய்.

என்கிட்ட இருக்கற பதினோரு மடக்குக் கத்தியில தினம் ஒண்ணை மாத்தி ஜோப்புல போட்டுக்குவேன். இன்னைக்குப் போட்டிருந்தது கொம்புப் பிடி வெச்சது.

எல்லையில நிக்கற நாலு தென்னையும் தன்னுதுன்னு பங்காளி துரைசாமி ஒத்தக்கால்ல நின்னான். அளந்து பார்த்துரலாம்னு சம்சாரத்தோட அண்ணன், என் மச்சான், வந்திருந்தாரு. கயிறு பிடிக்கறப்பவே பேச்சு முத்திருச்சு. "மாப்ள, கயித்த அறுக்கோணும், கத்தியக் குடுங்க"ன்னாரு மச்சான். பிரிச்சேன். கையில குடுக்கலை, எல்லைக்கல்லு மேல வெச்சேன். அவரு குனியறதுக்குள்ள துரைசாமி எடுத்துட்டான். மச்சானோட முன்னங்கை எலும்பு தெரியக் கிழிஞ்சுபோச்சு.

முளையடிக்க வெச்சிருந்த கட்டையால துரைசாமி தலையில போட்டேன். கத்தி கீழ விழுந்துது. விழுந்ததுக்கப்புறமும் அடிச்சேன். எத்தனைன்னு தெரியலை. அவன் இன்னும் கண்ணு முழிக்கலையாம்.

ஆஸ்பத்திரியில மச்சானுக்குத் தையல் போடறப்ப, வெளிய நின்னுட்டு சம்சாரம் கேட்டா.

"ஏனுங்க, கத்திய எங்கண்ணன் கையிலயே குடுத்திருக்கலாமில்லீங்க?"

கத்தியக் கையில குடுத்தா சண்டை வரும்பாங்கன்னு சொல்ல வாயெடுத்தவன், வெறும் ஜோப்பைத் தடவிக்கிட்டேன்.