சிரிக்கச் சொன்ன அடி

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கையும் சௌக்கியம். நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய், மருமகள் சௌக்கியமா என்றுதான் கேட்கிறேன். தங்கை தட்டச்சுப் பரீட்சையில் தேறிவிட்டாள். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருந்தது, போன செவ்வாய்க்கிழமை வரைக்கும். அன்றைக்குத்தான் மருமகள் கடிதம் வந்தது. படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தவளை எழுப்ப இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்தப் பெண் உன்னைக் குறை சொல்லி எழுதவில்லை, அதை முதலில் தெரிந்துகொள். விருந்தாளிகள் முன்னால் நீ அவளை அறைந்தாயாம், எங்கப்பா படத்தில் வாங்குவாரே அந்த அடி இதுதான் என்றாயாம், எல்லோரும் சிரித்தார்களாம். அன்றிலிருந்து இடது காதுக்குள் ஒரு வண்டு புகுந்து இரைகிற மாதிரி இருக்கிறது, என்ன மருந்து போடலாம் அத்தை என்று கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். டேய், அந்த வண்டு என் காதில் பத்தொன்பது வருஷமாகக் குடியிருக்கிறது. உள்ளங்கையைக் குழித்துக் காதோடு சேர்த்து அறைந்தால்தான் அது வரும். தெரியாமல் பட்டுவிட்டது என்று கதை விடாதே. யாரை வேண்டுமானாலும் ஏமாற்று, அடி வாங்கியே சோறு தின்றவனை ஏமாற்ற முடியாது.

எங்கள் தொழிலில் அடிக்கிறவன் கை கன்னத்துக்கு நாலு விரல் தள்ளித்தான் போகும். வாங்குகிறவன் கேமராவுக்குத் தெரியாமல் தன் கையைத் தானே தட்டிச் சத்தம் கொடுப்பான். அப்படித்தான் எனக்கு நாற்பது படம் ஓடியது. பிறகு வந்த கதாநாயகனுக்குப் பொய்யடி பிடிக்காது. நிஜமா விழுந்தாதான்ணே ஜனங்க சிரிப்பாங்க என்பான், அண்ணே என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே அடிப்பான். ஒரு தடவை ஒரே அறையைப் பதினாலு முறை எடுத்தார்கள். அவன் மோதிரம் என் உதட்டைக் கிழித்தது, ஒன்பதாவது அறையில் கடைவாய்ப் பல் தெறித்தது, ரத்தத்தைத் துடைத்துப் பவுடர் பூசி மறுபடி நிறுத்தினார்கள். வண்டு குடிவந்தது அன்றைக்குத்தான். இன்னொரு படத்தில் உடைவதற்கென்று செய்த நாற்காலிக்குப் பதில் நிஜ நாற்காலியால் முதுகில் போட்டான், இரண்டு விலா எலும்பு போயிற்று. கொட்டகையில் அந்தக் காட்சிக்குத்தான் சிரிப்பு அதிகம்.

அந்தப் பதினாலு அறை நாளில் நீயும் அங்கே இருந்தாய், உனக்கு ஐந்து வயசு. கதறிக்கொண்டு ஓடிவந்து கதாநாயகன் தொடையைக் கடித்தாய். படப்பிடிப்பு நின்றது. டைரக்டர் முகம் சுளித்தார். வேஷம் போய்விடுமே என்று உன்னைப் பிடித்து இழுத்தேன். வாய் நிறைய ரத்தத்தோடு உன்னிடம் சொன்னேன், "அழக்கூடாதுடா கண்ணா, இது தமாஷு. அப்பா விழுந்தா நீ சிரிக்கணும்." நீ சிரிக்கும்வரை நான் விடவில்லை. பாவி நான். நீ கடித்ததுதான் சரி.

நேற்றுப் படப்பிடிப்பில் அதே கதாநாயகன் கையை ஓங்கினான். எனக்கு மருமகள் காதுதான் ஞாபகம் வந்தது. மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன், எலும்பு நெரிபடுவது கையில் தெரிந்தும் விடவில்லை. அவன் முட்டி போட்டு அலறினான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. இனி ஒரு கம்பெனியும் உங்களைக் கூப்பிடாது என்றார் தயாரிப்பாளர். தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன, முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் நானும் அம்மாவும் வருகிறோம். அதுவரை காதில் எண்ணெய் எதுவும் ஊற்ற வேண்டாம் என்று மருமகளிடம் சொல். வைத்தியரிடம் காட்டிய பிறகு, அங்கே இருப்பதா எங்களோடு வருவதா என்று அவள் சொல்லட்டும், நீ வாயைத் திறக்கக் கூடாது. அதற்குள் அவள் மேல் ஒரு விரல் பட்டாலும் நீ என் பிள்ளை என்பதை மறந்துவிடுவேன்.

இவ்வளவு ஆத்திரத்திலும் உன்னைச் சபிக்கக் கை வரவில்லை. நல்ல புத்தியோடு நீண்ட நாள் இரு. ஒன்று மட்டும் மறக்காதே. கை துறுதுறுத்தால் ரயிலடிக்கு வந்து என்னை அடி, எனக்குப் பழக்கம்தான். ஆனால் இந்தத் தடவை விழ மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா